மண் யாருக்கு? – 6: பத்தில் ஒரு பங்கு

மினாங்கபாவ் மேட்டுநிலத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் சுமத்ராவிலிருந்து கடல் கடந்து, ஆற்றுவழியே உள்ளேறி, நானிங்கில் வயல் திருத்திய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இன்றைய அலோர் காஜா மாவட்டத்தின் பெரும்பகுதிதான் அன்றைய நானிங். நம் புலாவ் செபாங் அதன் வடகிழக்கு ஓரம்.

1641இல் மலாக்காக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த கையோடு, அதே ஆண்டு ஆகஸ்டில் நானிங் தலைவர்களிடம் டச்சுக்காரர் ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கினார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு மலாக்காவுக்கு வர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து.

எழுதி வாங்கினார்களே தவிர, அளந்து வாங்கவில்லை. காட்டுக்குள் ஆள் அனுப்பி நெல் அளக்கிற செலவுக்கு அந்த நெல் கட்டுப்படியாகாது. நாளாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கி, ஆண்டுக்கு 400 கந்தாங் (மலாய் முகத்தலளவை) நெல் என்று நின்றது. மொத்த விளைச்சலில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

திறை என்ற பெயரில் ஒரு கும்பிடு. வாங்கியவருக்கும் மரியாதை, கொடுத்தவருக்கும் நஷ்டமில்லை. இப்படியே நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது.

அந்தக் கும்பிடைக் கணக்குப் புத்தகத்தில் வரவாக ஏற்ற ஒருவர் ஆசைப்பட்டார். பட்டாளம் வந்தது.

*

வீடு மகளுக்கு

சண்டை நெல்லுக்காக வந்தது என்று சொன்னால் பாதிதான் சரி. மீதியைப் புரிந்துகொள்ள நானிங் வீடு ஒன்றின் படியேற வேண்டும்.

அது ஒரு பெண்ணின் வீடு. அவள் தாயிடமிருந்து அவளுக்கு வந்தது. அவளிடமிருந்து மகளுக்குப் போகும். கீழே ஓடையோரத்து வயலும் அப்படித்தான். வீட்டைச் சுற்றி நிற்கும் தென்னை, டுரியான், மங்குஸ்தீனும் அப்படித்தான்.

கல்யாணமானவன் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பான். உழுவான், வேலி கட்டுவான், கூரை வேய்வான். அவள் இறந்துவிட்டால் அந்த வயலில் அவனுக்குப் பாத்தியதை கிடையாது. அவன் கொண்டுவந்தது அவனுக்கு. இருவரும் சேர்ந்து சம்பாதித்ததில் அவனுக்கும் பங்கு. முன்னோர் வழி வந்த ‘ஹர்த்தா புசாக்கா’ மட்டும் பெண்வழியை விட்டு நகராது.

நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. இங்கே இதற்குப் பெயர் அடாட் பெர்ப்பாத்தே.

விற்க வேண்டுமென்றால்? அவளாக விற்றுவிட முடியாது. குலத்துக்குள் கேட்க வேண்டும். ‘பூவாப்பாக்’ எனும் குடும்பப் பெரியவர் சம்மதிக்க வேண்டும். நிலம் அவள் பெயரில் இருக்கும். ஆனால் இறந்துபோன பாட்டிக்கும் இன்னும் பிறக்காத பேத்திக்கும் அதில் உரிமை இருந்தது.

பட்டா என்று ஒரு காகிதம் கிடையாது. எல்லையை மரமும் ஓடையும் சொல்லும். தகராறு வந்தால் பெரியவர்கள் சொல்வார்கள். குலங்கள் நாலு: செமெலெங்காங், முங்கால், தீகா பத்து, அனாக் மலாக்கா. ஊருக்கெல்லாம் தலைவரான பெங்ஹுலு செமெலெங்காங் குலத்தில், தாய்வழியில்தான் வர வேண்டும். மண்ணுக்கு எந்தச் சட்டமோ, பதவிக்கும் அதே சட்டம்.

ஆக, “இந்த நிலம் யாருடையது?” என்று நானிங்கில் கேட்டால் பதில் உடனே கிடைக்கும். அந்தப் பதிலில் ராஜாவுக்கு இடமில்லை. மலாக்காவில் உட்கார்ந்திருந்த எந்தக் கொடிக்கும் இடமில்லை.

*

மதராஸிலிருந்து வந்தவர்

1824 மார்ச்சில் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தீவுகளையும் கரைகளையும் பங்கிட்டார்கள். மறு ஆண்டு மலாக்கா ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. 1826இல் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. அதன் கவர்னர் ராபர்ட் ஃபுல்லர்ட்டன்.

அவர் வந்த இடம் முக்கியம். மதராஸ் மாகாணத்தில் உயர்பதவியில் இருந்தவர் அவர். நிலவரியை யாரிடம் வசூலிப்பது, எவ்வளவு வசூலிப்பது என்ற விவாதம் அங்கே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. மேல்வாரம் சர்க்காருக்கு, குடிவாரம் உழுகிறவனுக்கு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, மலாக்காவின் ‘பத்தில் ஒரு பங்கு’ அந்நியமாக ஒலித்திருக்காது.

மலாக்கா நகரைச் சுற்றி நிலைமை வேறு மாதிரி இருந்தது. டச்சுக் காலத்தில் உரிமை பெற்ற சில குடும்பங்கள் பத்தில் ஒரு பங்கை வாங்கும் பாத்தியதையை வைத்திருந்தன. பெரும்பாலோர் நகரில் இருந்தபடியே வசூலைக் குத்தகைக்கு விட்டார்கள். நிலத்துக்கு உடையவர் ஒருவர், உழுகிறவர் ஒருவர், நடுவே வசூலிக்க ஒருவர்.

ஃபுல்லர்ட்டன் 1828இல் அந்தக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாகச் சொல்லி, அந்தப் பாத்தியதையைக் கும்பினிக்கு வாங்கினார். நிலத் துறையைப் பார்த்துக்கொண்டவர் டபிள்யூ. டி. லூயிஸ். இனிக் கும்பினியே நேராக நெல் வசூலிக்கும்.

அடுத்த கேள்வி தானாக எழுந்தது. நானிங்கும் மலாக்காவைச் சேர்ந்ததுதானே? 1641 உடன்படிக்கையில் பத்தில் ஒரு பங்கு என்றுதானே இருக்கிறது? 400 கந்தாங்கோடு ஏன் நிற்க வேண்டும்?

ஆயிரத்தில் ஒன்று பத்தில் ஒன்றானால் நூறு மடங்கு. கும்பினி எழுத்தர்களுக்கு அது எளிய கணக்கு.

*

டோல் சயிட்

பெங்ஹுலுவின் பெயர் அப்துல் சயிட். ஊரார் வாயில் டோல் சயிட். பிரான்ஸோடு நடந்த போர்களின்போது ஆங்கிலேயர் மலாக்காவைத் தற்காலிகமாக வைத்திருந்தார்களே, அப்போதே 1801இல் அவரோடு உடன்படிக்கை செய்திருந்தார்கள். ஆகவே அவர்களை அவர் அறிவார். அவர்களும் அவரை அறிவார்கள்.

இப்போது வந்த கோரிக்கைகள் புதியவை. குடிமக்களைக் கணக்கெடுக்க வேண்டும். கொலை வழக்குகளை மலாக்கா நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். பத்தில் ஒரு பங்கை முழுதாகக் கொடுக்க வேண்டும். பதிலுக்குத் தலைவர்களுக்குச் சம்பளம் உண்டு.

சம்பளம் என்ற சொல்லில்தான் விஷயம் இருந்தது. திறை கொடுப்பவர் தன் நாட்டுக்குத் தலைவர். சம்பளம் வாங்குபவர் கும்பினியின் ஊழியர். தலைகளை எண்ண விட்டால் நாளை தலைக்கு வரி வரும் என்று ஊரார் பயந்தார்கள். நெல்லைப் பத்தாகப் பிரித்து ஒரு பங்கை எடுக்க விட்டால், வயலில் கும்பினிக்கும் ஒரு சொந்தம் இருப்பதாக ஆகிவிடும்.

டோல் சயிட் மறுத்தார். 400 கந்தாங் உண்டு. அதற்கு மேல் இல்லை.

கல்கத்தாவில் இருந்த கும்பினித் தலைமை முதலில் ‘பொறு’ என்றது. கடிதங்கள் போயின, வந்தன. ஃபுல்லர்ட்டன் 1830இல் கப்பலேறிப் போய்விட்டார். ராபர்ட் இபட்சன் அந்த இடத்துக்கு வந்தார். தாள்களில் இருந்த கோரிக்கை மட்டும் கப்பலேறவில்லை.

அந்த ஆண்டு டோல் சயிட்டின் ஆட்கள் எல்லையோரத்தில் மலாக்காக்காரர் ஒருவருக்கு உரியதாகக் கும்பினி கருதிய மரங்களின் பழங்களைக் கைப்பற்றினார்கள். இது எங்கள் மண், எங்கள் மரம் என்றது நானிங். கும்பினியின் பார்வையில் அது அதன் குடிமகனின் சொத்தில் நடந்த கொள்ளை.

பழ மரத்தை ஒட்டி வந்த வழக்கு. ஆனால் கும்பினி காத்திருந்த காரணம் அதுதான். படையை அனுப்ப உத்தரவாகியது.

*

ஆகஸ்ட் 1831

29ஆம் மதராஸ் காலாட்படையின் சிப்பாய்கள் 150 பேர். இரண்டு பீரங்கிகள். கேப்டன் வைலி தலைமை. கூடவே லூயிஸ்.

மதராஸ் படை என்றால் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த படை. சர்க்காருக்குக் கிஸ்தி கட்டிப் பழகிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். யாரோ ஒரு மலாய்க் கிராமத்துக் குதிரிலிருந்து சர்க்கார் பங்கை அளந்து வாங்க, துப்பாக்கியோடு நடந்தார்கள். கித்தா (ரப்பர்) மரம் வருவதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தமிழ் நாக்கு பேசிய சூழ்நிலைகளில் இதுவும் ஒன்று.

டோல் சயிட்டின் ஊரான தாபோ, மலாக்காவிலிருந்து இருபது மைலுக்குச் சற்று மேல். சில நாள் நடை என்றுதான் கணக்குப் போட்டார்கள்.

பாதை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் போகிற ஒற்றையடித் தடம். இரு பக்கமும் காடு. இடையிடையே இடுப்பளவு சேற்று வயல். மாடு இழுக்கிற பீரங்கி அந்தச் சேற்றில் அச்சு வரை இறங்கும். சிப்பாய்கள் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்குகிற நேரம் பார்த்து மர மறைவிலிருந்து சுடுவார்கள். சுட்டவன் யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளிருக்காது.

அதைவிட மோசமானது பின்னால் நடந்தது. படை கடந்து போன தடத்தில் நானிங்காரர்கள் மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உணவும் தோட்டாவும் வரவேண்டிய வழி அடைபட்டது.

அண்டை நாடான ரெம்பாவிலிருந்தும் ஆட்கள் வந்து நானிங்கோடு சேர்ந்துகொண்டார்கள். இன்று நானிங்கில் பத்தில் ஒன்று கேட்பவர்கள் நாளை ரெம்பாவில் கேட்க மாட்டார்களா? பயம் நியாயமானதுதான்.

லெப்டினன்ட் ஹார்டிங் சுடப்பட்டு இறந்தார். அரிசி தீர்ந்தது. படை திரும்பியது. சுங்கை பெத்தாயில் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்து, அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் கும்பினியின் படை மலாக்காவில் இருந்தது.

மலாக்கா நகரமே நடுங்கியது. நானிங்காரர்கள் நகருக்குள்ளேயே வந்துவிடுவார்கள் என்ற பேச்சு. மலாக்காவில் பிறந்த, தமிழ் வேர் கொண்ட முன்ஷி அப்துல்லா, தன் ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் இந்தப் போருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

*

அறுநூறு அடி அகலம்

தோல்வியை விட, தோற்றதாக ஊர் பேசுவதுதான் கும்பினிக்குச் சுட்டது. மதராஸிலிருந்து பெரிய படை வந்தது. 5ஆம் மதராஸ் காலாட்படை, பீரங்கிப் படை, காடு வெட்டிப் பாலம் போடத் தெரிந்த மதராஸ் சாப்பர்கள். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். லெப்டினன்ட் கர்னல் ஹெர்பர்ட் தலைமை.

இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் பேச்சுவார்த்தை. ரெம்பாவின் சுதந்திரத்தைக் கும்பினி ஏற்பதாகச் சொன்னது. உங்களிடம் பத்தில் ஒன்று கேட்க மாட்டோம் என்றது. 1832 ஜனவரியில் சிம்பாங்கில் உடன்படிக்கை ஆயிற்று. ரெம்பாவின் ராஜா அலி கும்பினிப் பக்கம் வந்தார். அவருடைய மருமகன் சையது ஷாபான் தன் ஆட்களோடு நானிங்குக்கு எதிராகவே களத்தில் இறங்கினார்.

போரின் முடிவு அங்கேயே தீர்மானமாகிவிட்டது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்தது மரம் வெட்டும் வேலை.

ஒற்றையடித் தடத்தில் மறுபடியும் மாட்டிக்கொள்ளப் படை தயாராக இல்லை. பாதையின் இரு பக்கமும் சேர்த்து அறுநூறு அடி அகலத்துக்குக் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள். மறைந்து சுட ஒரு மரம்கூட அருகில் இருக்கக்கூடாது என்பது திட்டம். மாதத்துக்கு மூன்று நாலு மைல் என்ற கணக்கில் படை நகர்ந்தது. நெல்லில் பங்கு கேட்கப் போனவர்கள் வழி நெடுக வெட்டிச் சாய்த்தது எத்தனை வீட்டுப் பழ மரம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த கேப்டன் பெக்பி இந்தப் போரை விரிவாக எழுதி 1834இல் மதராஸிலேயே நூலாக வெளியிட்டார். மதராஸ் படையின் இன்னொரு அதிகாரி நியூபோல்டும் பின்னால் எழுதினார். நானிங் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த இருவர் கைவழி வந்தது. தோற்றவர்கள் தரப்பில் பேனா பிடித்தவர் இல்லை.

அலோர் காஜா விழுந்தது. காவலரண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1832 ஜூன் 15ஆம் தேதி தாபோ பிடிபட்டது. டோல் சயிட் அகப்படவில்லை.

*

வரவும் செலவும்

இரண்டு படையெடுப்புக்கும் ஆன செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன். அதற்கு ஈடாகக் கிடைத்தது, சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு காட்டு நாடும், அதன் நெல்லில் ஒரு பங்கும். போட்ட காசை எடுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று கேட்டால் கும்பினியின் கணக்கர்களே சிரித்திருப்பார்கள்.

1834 பிப்ரவரியில் டோல் சயிட் தாமாக வந்து சரணடைந்தார். தூக்கு இல்லை, நாடுகடத்தல் இல்லை. மலாக்காவில் வீடும் தோட்டமும் மாதப் படியும் கொடுத்தார்கள். சம்பளம் வாங்க மறுத்துச் சண்டை போட்டவர், படி வாங்கிக்கொண்டு பயிரிட்டும் வைத்தியம் பார்த்தும் வாழ்ந்தார். 1849இல் மறைந்தார். தாபோ நானிங்கில் அவர் சமாதி இன்றும் இருக்கிறது. சுற்றிலும் அவர் காலத்துக்கு மிக முந்திய நெடுங்கற்கள்.

ஹார்டிங்குக்கும், இதே போரில் இறந்த லெப்டினன்ட் ஜேம்ஸ் ஒயிட்டுக்கும் மலாக்கா டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் பார்க்கலாம். மதராஸ் சிப்பாய்களின் பெயர் அதில் இல்லை.

நானிங் மலாக்காவோடு சேர்ந்தது. பெங்ஹுலுவின் பழைய அதிகாரம் போயிற்று. நாடு முக்கிம் எனும் சிறு வட்டாரங்களாகப் பிரிந்தது. 1833 ஜனவரியில் ரெம்பாவோடு எல்லை உடன்படிக்கை எழுதப்பட்டது. இன்று ரயிலை விட்டு இறங்கி, புலாவ் செபாங் மலாக்கா, கொஞ்சம் நடந்தால் தம்பின் நெகிரி செம்பிலான் என்று இரண்டு மாநிலத்தில் கால் வைக்கிறோமே, அந்தக் கோட்டின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது.

ஆனால் ஒன்று தோற்கவில்லை.

வீடு இன்னும் மகளுக்கே போனது. வயலும் அப்படியே. பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்ட அரசாங்கத்தால் யாருக்கு எது சேரும் என்ற வழக்கத்தை மாற்ற முடியவில்லை. கடைசியில் அதைத் தன் சட்டத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டது. 1886இல் வந்த மலாக்கா நிலச் சட்டம் வழக்காற்று நிலம் என்று ஒரு வகையை அங்கீகரித்தது. மலாய்க் குடிகள் வழிவழியாக வைத்திருந்த நிலம் வெளியார் கைக்குப் போகாதபடி அதில் வேலி போட்டார்கள். அந்த வகை நிலம் மலாக்காவில் இன்றும் உண்டு.

இப்போது அந்த வேலிக்கு வெளியே பாருங்கள். யாரும் உழாத காடு. அறுநூறு அடி அகலத்துக்கு வெட்டிக் காட்டியதைப் போல, வெட்டினால் திறக்கக்கூடிய காடு. வழக்காற்றில் அதற்குப் பாட்டியும் இல்லை, பேத்தியும் இல்லை. ஆகவே அது சர்க்கார் நிலம். சர்க்கார் கொடுத்தால், வாங்குகிறவர் பெயரில் காகிதம் உண்டு.

1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் நாற்பது ஏக்கரில் கித்தா மரம் நட்டார். 1905இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் ஓடியது. காட்டுக்கு விலை வந்தது. கம்பெனிகள் வந்தன. கம்பெனிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் அந்தக் காட்டைத் தோட்டமாக்க வந்தார்கள். கம்பத்து மண் மகள்களுக்கு. தோட்டத்து மண் கம்பெனிக்கு. இரண்டுக்கும் சட்டம் இருந்தது, காகிதம் இருந்தது. நடுவே லயத்தில் குடியிருந்தவருக்கு, மரம் நட்டு, பால் வெட்டி, பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணுக்குள் போனவருக்கு, எந்தச் சட்டம் எந்தக் காகிதத்தை எழுதி வைத்திருந்தது?

(தொடரும்)